பழைய மாஸ்டா எம்.எக்ஸ்-5 கார் வாங்கப் போகிறீர்களா? முதலில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்

சிக்னலில் பிரேக் மிதித்து வண்டி நிற்கும்போதெல்லாம் சீட்டுக்குப் பின்னால் ‘சளப்’ என்று ஒரு சத்தம். பாதி குடித்துப் போட்ட தண்ணீர் பாட்டில் உருளுகிறது என்று நான்கு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். பாட்டில் எதுவும் இல்லை. கதவைத் திறந்தால் காலடியில் நீளமாக ஓடுகிறதே, சில் என்று சொல்லும் அந்தத் தகரப் பெட்டி, அதற்குள் நின்ற மழைத்தண்ணீர்தான் அது. இங்கிலாந்தில் வருடா வருடம் நடக்கும் வாகனத் தகுதிச் சோதனையான எம்ஓடியில் அடுத்த முறை வண்டி தோற்றது. 2,900 பவுண்டுக்கு வாங்கிய கார். வெல்டிங்குக்கு 1,450, அவசரத்தில் செய்த இன்னொரு தவறுக்கு 480, காயாமல் நாறிப்போன கார்ப்பெட்டுக்கு 120 என்று ஒரே வருடத்தில் 2,050 பவுண்டு போனது. வாங்கும் முன் யாராவது பத்து நிமிடம் உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் இதில் முக்கால்வாசி மிஞ்சியிருக்கும். அந்தப் பத்து நிமிடப் பேச்சைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கார் 1991ஆம் வருட யூனோஸ் ரோட்ஸ்டர். மாஸ்டா எம்.எக்ஸ்-5தான், ஜப்பானில் யூனோஸ் என்ற பெயரில் விற்றார்கள், பிறகு இங்கிலாந்துக்கு இறக்குமதியாகி வந்தது. 1,600 சிசி, வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் இரண்டு, பின்சக்கர ஓட்டம், ஒரு டன்னை எட்டாத எடை, மூக்கில் எழும்பி மடங்கும் விளக்குகள். 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் வந்த நாளிலிருந்தே இதற்குப் பைத்தியமானவர்கள் உண்டு, நானும் அதில் ஒருவன். இதன் எஞ்சின் கெட்டிப் பிண்டம். எண்ணெய் மாற்றினால் போதும், ஓடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் வாங்குகிறவர்கள் ஏமாறுகிறார்கள். எஞ்சின் அழகாக ஓடுவதைக் கேட்டுவிட்டுக் கையை நீட்டிவிடுகிறோம். நானும் அப்படித்தான், பானெட்டைத் திறந்து இருபது நிமிடம் பார்த்தேன், வண்டிக்கு அடியில் ஒரு தடவை கூடக் குனியவில்லை.

சோதனையில் தோற்றதும் லண்டன் எல்லைக்குள் கராஜ் வைத்திருக்கும் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணனிடம் கொண்டுபோனேன். “அண்ணே, சில் போச்சு” என்றேன். அவர் நேராகப் போய் முன்சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அவர்கள் பேச்சில் சில்லு என்றால் சக்கரம்! நான் கதவடியைக் காட்டியதும் சிரித்துவிட்டு, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் இருக்கும் மூலையில் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினார். முன்பக்கம் ‘டங் டங்’ என்றது, அந்த மூலை ‘தொப்’ என்றது. இன்னொரு தட்டு. கறுப்புத் தார்ப் பூச்சு பெயர்ந்து அப்பளம் மாதிரி உதிர்ந்தது. உள்ளே இருந்து பழுப்புத் தண்ணீர் ஒழுகியது. “தம்பி, எஞ்சினைப் பாத்து வாங்கிப்போட்டீர். தண்ணி எங்க நிக்குதெண்டு பாத்தனீரோ?” என்றார். பார்க்கவில்லை என்று ஒத்துக்கொண்டேன்.

தண்ணீர் எப்படி அங்கே போகிறது என்று புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. துணிக்கூரையின் மேல் விழும் மழை பின்பக்கமாக வழிந்து, கூரையின் அடி ஓரத்தில் இருக்கும் ஒரு வாய்க்காலில் சேர்கிறது. அந்த வாய்க்கால் இரண்டு பக்கமும் சீட்பெல்ட் தூணுக்குப் பின்னால் இருக்கும் ஓட்டையில் இறங்கி, ஒரு குழாய் வழியாகப் பின்சக்கரத்துக்கு முன்னால் தரையில் கொட்ட வேண்டும். மரத்தடியில் நிறுத்திய கார் என்றால் அந்த ஓட்டையில் இலைச்சருகு, மண், சிதைந்த ரப்பர்த் துணுக்கு எல்லாம் சேர்ந்து சேறாகிவிடும். அடைத்தபின் தண்ணீர் வாய்க்காலை விட்டு வழிந்து, ஒரு பங்கு சீட்டுக்குப் பின்னால் கார்ப்பெட்டுக்கும், ஒரு பங்கு சில்லுக்குள்ளும் போகும். சில்லின் அடியிலும் வடிகால் துளைகள் உண்டு. அவற்றையும் சாலைச் சேறு அடைத்துக்கொண்டால் உள்ளே போனது வெளியே வர வழியில்லை. சில் ஒற்றைத் தகரம் இல்லை. வெளித் தகடு, உள் தகடு, நடுவில் பலத்துக்கு இன்னொன்று என்று அடுக்காக இருக்கும். துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. வெளியே கொப்புளம் தெரிகிறது என்றால் உள்ளே எப்போதோ போய்விட்டது என்று பொருள்.

ஆகவே பார்க்கப் போகும்போது ஒரு டார்ச், ஒரு காந்தம், விரித்துப் படுக்க ஒரு பழைய பாய், இரண்டு லிட்டர் தண்ணீர், இவ்வளவு போதும். பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள மூலையை அடியில் விரலால் அழுத்துங்கள். காந்தம் பிடிக்காத இடத்தில் தகரத்துக்குப் பதில் ஓட்டையை அடைக்கும் பட்டிப் பசை இருக்கிறது. புதிதாக, கனமாக, அந்த மூலையில் மட்டும் தார் பூசியிருந்தால் சந்தேகப்படுங்கள். விற்கிறவரிடம் கேட்டுவிட்டு வாய்க்காலில் தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். பத்து நொடிக்குள் அந்தப் பக்கச் சக்கரத்தருகே தரையில் கொட்ட வேண்டும். வேண்டாம் என்று அவர் தடுத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்பே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது, காசும் ஆகாது. பிரிட்டன் அரசுத் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் 2005 முதலான எம்ஓடி வரலாறு முழுக்க வரும்: எத்தனை மைல், எதில் தோற்றது, என்ன எச்சரிக்கை கொடுத்தார்கள் என்று. நான் மைல் கணக்கை மட்டும் பார்த்தேன். பிறகு நிதானமாகப் படித்தபோதுதான் தெரிந்தது, இரண்டு வருடம் தொடர்ந்து ‘சில்லில் துரு’ என்று எச்சரிக்கை இருந்திருக்கிறது. மூன்றாம் வருடம் அந்த வரியே இல்லை. துரு தானாக ஆறாது. வெல்டிங் செய்த ரசீது இல்லாமல் எச்சரிக்கை மறைந்தால் மேலே பூசி மறைத்திருக்கிறார்கள். இந்த ஒரு வரியைக் கவனித்திருந்தால் விலையில் ஆயிரமாவது குறைத்திருப்பேன், அல்லது திரும்பி வந்திருப்பேன்.

எம்ஓடியில் ஏன் இதற்குத் தோற்கடிக்கிறார்கள் என்றால், சீட்பெல்ட், சஸ்பென்ஷன் போன்றவை பொருந்தும் இடத்திலிருந்து 30 செ.மீ. தூரத்துக்குள் தகரம் உறுதியாக இருக்க வேண்டும் என்பது விதி. இந்தக் காரின் அழுகும் மூலை சரியாக அந்த வட்டத்துக்குள் வருகிறது. வெல்டிங் தரும்போது இரண்டு விஷயத்தை வாயால் சொல்லி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று, அழுகியதை வெட்டி எடுத்துவிட்டு உள்தகட்டையும் சரிபார்த்துப் புதுத் துண்டு வைக்க வேண்டும். மேலே ஒரு பட்டை ஒட்டுவது இரண்டு வருடக் கதை. இரண்டு, வெல்டிங் தையல் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், இங்கொன்று அங்கொன்றாகப் பொட்டு வைத்தால் சோதனையில் ஏற்க மாட்டார்கள். வெட்டித் திறந்திருக்கும்போது போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். நாளை விற்கும்போது அந்தப் போட்டோவுக்கு விலை உண்டு.

வடிகாலைச் சுத்தம் செய்வது வருடத்துக்கு இரண்டு தடவை, இலை உதிரும் முன் ஒன்று, உதிர்ந்தபின் ஒன்று. கூரையைப் பாதி மடக்கி, சீட்டுக்குப் பின்னால் கார்ப்பெட்டைத் தூக்கினால் மூலையில் ஓட்டை தெரியும். முதலில் மேலே கிடக்கும் சேற்றைக் கரண்டியால் அள்ளி எடுங்கள், உள்ளே தள்ளிவிடாதீர்கள். பிறகு ட்ராம்போன் வாத்தியம் கழுவும் வளையும் தூரிகை ஒன்று கிடைக்கும், ஆறேழு பவுண்டு, அதைச் சுழற்றியபடி இறக்குங்கள். புல்வெட்டியின் தடித்த நைலான் கயிறும் ஆகும், முனையை நெருப்பில் காட்டி உருண்டையாக்கிக்கொண்டால் குழாயைக் கிழிக்காது. கம்ப்ரஸர் காற்றை மட்டும் அடிக்காதீர்கள். அடைப்பு நகராது, குழாய்தான் இணைப்பிலிருந்து கழன்றுகொள்ளும்; அப்புறம் எல்லாத் தண்ணீரும் நேராகச் சில்லுக்குத்தான். கடைசியில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு லிட்டர் வெந்நீர் விட்டுப் பாருங்கள்.

சில் காய்ந்தபின் உள்ளே மெழுகு அடிக்க வேண்டும். நல்ல வெயில் அடித்த ஒரு வாரத்துக்குப் பிறகு, கதவடிப் பிளாஸ்டிக் தகட்டைக் கழற்றி, ரப்பர் மூடிகளை எடுத்து, நீண்ட குழாய் முனையோடு வரும் கேவிட்டி வாக்ஸை உள்ளே விட்டு, பின்னிழுத்தபடியே அடியுங்கள். ஒரு பக்கத்துக்கு 500 மி.லி. டப்பா ஒன்று சரியாக இருக்கும். கீழ்த்துளையிலிருந்து மெழுகு சொட்டினால் போதுமான அளவு போயிருக்கிறது. காய்ந்ததும் அந்தத் துளைகளை ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்களே அடைத்தவர் ஆவீர்கள். ஜாக்கி வைப்பதிலும் கவனம் வேண்டும். சில்லின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தகர விளிம்பில் கண்ட இடத்தில் ஜாக்கி வைத்தால் விளிம்பு மடங்கும், பெயின்ட் விரியும், அங்கிருந்து துரு தொடங்கும். முன்னால் குறுக்குச் சட்டத்தின் நடு, பின்னால் இரு சக்கரங்களுக்கும் நடுவே இருக்கும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியல், இந்த இரண்டில் ஜாக்கி. ஸ்டாண்டுகளை விளிம்பில் கம்பெனி குறித்த இடத்தில் வெட்டு போட்ட ரப்பர் கட்டை வைத்து நிறுத்துங்கள்.

அந்த 480 பவுண்டு கதை எண்ணெய்க் கசிவு. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் சொட்டுச் சொட்டாக எண்ணெய். நான் முதலில் போன இடத்தில் எஞ்சினின் சுழல்தண்டான கிராங்கின் பின்முனையில் எண்ணெயைத் தடுக்கும் வளையம், அதாவது கிராங்க் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்றார்கள். இறக்கினார்கள், சீல் மாற்றினார்கள், பணம் வாங்கினார்கள். மூன்று வாரத்தில் அதே இடத்தில் அதே சொட்டு. உண்மையான இடம் மேலே. சிலிண்டர் ஹெட்டின் பின்முனையில், டேஷ்போர்டுச் சுவரை ஒட்டி, கேம் ஆங்கிள் சென்சார் என்று ஒன்று சொருகியிருக்கும். அதில் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் ஒன்று. முப்பது வருடத்தில் அது பிளாஸ்டிக் மாதிரி கெட்டியாகிவிடும். எண்ணெய் ஹெட்டின் பின்பக்கமாக வழிந்து, ஹீட்டர் ஹோஸை ஊறவைத்து, கியர்பாக்ஸ் கூட்டின் மேல் இறங்கி, கிராங்க் சீல் கசிவது போலவே வேஷம் போடும். ஓ-ரிங் விலை இரண்டு பவுண்டு. எப்போதுமே மேலிருந்து கீழாகத் துடைத்துவிட்டு, டால்கம் பவுடர் தூவி, பத்து மைல் ஓட்டிப் பாருங்கள். ஈரம் எங்கே முதலில் தெரிகிறதோ அதுதான் இடம். வால்வு கவர் கேஸ்கெட்டின் பின்மூலையும் இதே மாதிரி ஏமாற்றும்.

அந்த ஓ-ரிங்கை மாற்ற ஒரே ஒரு 12 எம்எம் போல்ட்தான், ஆனால் கை போகிற இடம் இல்லை. கழற்றும் முன் சென்சாரும் ஹெட்டும் சேரும் இடத்தில் ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். சென்சாரைத் திருப்பினால் இக்னிஷன் டைமிங் மாறும். திரும்பப் போட்டபின் எஞ்சின் சூடானதும், பானெட்டுக்குள் இருக்கும் டயக்னாஸிஸ் பெட்டியில் ‘டிஇஎன்’ (TEN), ‘ஜிஎன்டி’ (GND) என்று எழுதிய இரண்டு முனைகளையும் ஒரு சிறு கம்பியால் இணைத்து, டைமிங் விளக்கை அடித்துப் பாருங்கள். ஐடில் 850 சுற்று, டைமிங் 10 டிகிரி. கம்பியை எடுக்க மறக்க வேண்டாம்.

கிராங்கையும் கேம்ஷாஃப்ட்டுகளையும் சேர்த்து ஓட்டும் டைமிங் பெல்ட் 60,000 மைலுக்கு ஒன்று. மாற்றிய ரசீது இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆறுதல், இந்த 1.6 எஞ்சினில் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதாது, வழியில் நின்றுவிடும், அவ்வளவுதான். பெல்ட்டைத் தொட்டால் வாட்டர் பம்ப், டென்ஷனர், ஐட்லர், கேம் சீல், கிராங்க் முன்சீல் எல்லாவற்றையும் சேர்த்தே செய்துவிடுங்கள், ஏனென்றால் அங்கே போய்ச் சேர்வதற்குத்தான் ஒரு நாள் ஆகிறது. இரண்டு கேம் புல்லிகளில் ‘ஐ’ (I), ‘இ’ (E) என்ற ஆங்கில எழுத்துக் குறிகள் இருக்கும். அவற்றுக்கு நடுவே பெல்ட்டில் 19 பல் இருக்க வேண்டும். எண்ணி, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, மறுபடி எண்ணுங்கள். நான் முதல் தடவை 18 எண்ணினேன், நல்லவேளை ஸ்டார்ட் செய்யவில்லை.

1991 நடுப்பகுதிக்கு முந்தைய 1.6 என்றால் இன்னொரு வில்லங்கம். அந்த கிராங்கின் மூக்கு குட்டை. புல்லி போல்ட் சரியாக இறுகாமல் ஓடினால், புல்லி நழுவாமல் பிடித்திருக்கும் சாவிப் பள்ளம் தேய்ந்து, டைமிங் நழுவி, கடைசியில் கிராங்கே வீணாகிவிடும். கீழ்ப்புல்லியின் நடுவில் 4 வெட்டு இருந்தால் குட்டை, 8 இருந்தால் நீளம். எஞ்சின் ஓடும்போது அந்தப் புல்லி தள்ளாடுகிறதா என்று முன்னால் குனிந்து பாருங்கள். தள்ளாடினால் வாங்கவே வாங்காதீர்கள். குட்டை மூக்குக்குப் புது போல்ட் போட்டு 108 முதல் 118 நியூட்டன் மீட்டர், நீளத்துக்கு 157 முதல் 167. இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரென்ச் இல்லாமல் கைக்கணக்கில் இறுக்குகிற வேலை இது இல்லை.

மற்றவை சின்னச் சின்னவை. பேட்டரி டிக்கியில் இருக்கிறது. வாயு வெளியேறும் குழாய் பொருத்தக்கூடிய வகையைத்தான் வைக்க வேண்டும், சாதாரண பேட்டரி ஆவியில் டிக்கித் தகரம் அரித்துவிடும். ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டி கறுப்பாக இருக்கும் வரை சரி, பழுப்பாகிவிட்டால் எந்த வாரமும் விரியலாம், 110 பவுண்டுக்குப் புதிதே வாங்கிவிடுங்கள். கூலன்ட் மொத்தம் 6 லிட்டர், தண்ணீரும் ஆன்டிஃப்ரீஸும் பாதிக்குப் பாதி. மழை நாளில் மட்டும் எஞ்சின் தும்மினால் பெரும்பாலும் பிளக் வயர்தான். முதல் கியர் விழ மறுத்தால் கியர்பாக்ஸைச் சந்தேகிக்கும் முன் கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையைத் தூக்கிப் பாருங்கள், உள்ளே ஈரமாக இருந்தால் அதுதான். கியர்பாக்ஸுக்கு 75டபிள்யூ-90 ஜிஎல்-4 வகை எண்ணெய் 2 லிட்டர், 1.6 காரின் டிஃபரன்ஷியலுக்கு 0.65 லிட்டர். பின்பிரேக் காலிப்பர் ஊசிகள் இறுகிவிடும்; கழற்றித் துடைத்து சிலிக்கான் கிரீஸ் போட்டபின், பின்னால் இருக்கும் மூடி போல்ட்டை எடுத்து 4 எம்எம் ஆலன் சாவியால் சக்கரம் பிடிக்கும் வரை இறுக்கி, மூன்றில் ஒரு சுற்று தளர்த்துங்கள். ஹேண்ட்பிரேக் வயரை மட்டும் முறுக்கிக்கொண்டிருந்தால் சரியாகாது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரம் இழுக்கும், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை டாட்-4 புதிதாக.

டயரில் ஆழம் இருக்கிறதே என்று நம்பாதீர்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். என் வண்டியில் 2309 என்று இருந்தது, அதாவது 2009இன் 23ஆவது வாரம். ரப்பர் மரமாகிவிட்டது, நனைந்த ரவுண்டானாவில் வால் தானாகச் சுழன்றது. 185/60 ஆர்14 நல்ல கம்பெனியில் நான்கு வாங்கி 26 பிஎஸ்ஐ வைத்ததும் அது வேறு கார். சக்கர அலைன்மென்ட்டுக்கும் போனேன். ஆனால் சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கைகளான விஷ்போன்களின் போல்ட்டுகள் புஷ்ஷோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்ததால் அசைக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு வாரம் முன்பே தினமும் ஊடுருவு எண்ணெய் அடித்துவிட்டு, திரும்புகிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

இத்தனைக்கும் பிறகு என்ன சுகம் என்றால், மாஸ்டாக்காரர்கள் இதற்கு ‘ஜின்பா இத்தாய்’ என்று ஒரு பெயர் வைத்தார்கள், குதிரையும் ஏறியவனும் ஓருடல். விளம்பரப் பேச்சு என்றுதான் நினைத்தேன். பக்ஸ்டனிலிருந்து மேக்கிள்ஸ்ஃபீல்டு போகும் ஏ537 மலைப்பாதையில் ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஓட்டிய பிறகு அப்படி நினைக்கவில்லை. அங்கே சராசரி வேகக் கேமரா இருக்கிறது, எல்லை மணிக்கு 50 மைல். இந்தக் காருக்கு அதுவே தாராளம், 45இலேயே முகத்தில் சிரிப்பு வந்துவிடும். கூரையை இறக்கும் முன் பின்பக்கப் பிளாஸ்டிக் ஜன்னலின் ஜிப்பைத் திறந்து தட்டையாகப் படுக்க வையுங்கள், குளிர் நாளில் வளைத்தால் விரிசல் விடும். சாலையில் உப்புத் தூவும் மாதங்களில் வெளியே எடுக்காதீர்கள், எடுத்தால் அன்றே அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். மைல் வரம்பும் ஒப்புக்கொண்ட மதிப்பும் உள்ள கிளாஸிக் இன்ஷூரன்ஸ் எடுத்தால் மலிவு. பெட்ரோல் காருக்கு யூரோ 4 என்ற புகைத் தரம் கேட்கும் லண்டனின் குறைந்த மாசு எல்லைக்குள் (யூலெஸ்) இது பொதுவாகத் தேறாது. தேறாத வண்டிக்கு 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டன் முழுக்க நாளுக்கு 12.50 பவுண்டு கட்டணம். அண்ணன் கராஜுக்குப் போக ஒரு 12.50, மறுவாரம் எடுத்து வர இன்னொரு 12.50 என்று அதையும் கட்டினேன்.

போன சனிக்கிழமை இரண்டு பக்கமும் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். வலப்பக்கம் நான்கு நொடியில் தரையில் கொட்டியது. இடப்பக்கம் பதினொன்று. தூரிகையை எடுத்து வந்து இறக்கினேன், ஒரு ஓக் இலையின் பாதி ஒட்டிக்கொண்டு வந்தது.